வாடைப்பக்கம் பட்ட அடி

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு ஸ்கேன் சென்டர் திறந்தார்கள். ரிப்பன் வெட்ட ஒருவர், குத்துவிளக்கு ஏற்ற ஒருவர், இரண்டையும் வேடிக்கை பார்க்க என்னைப் போல நாலைந்து பழசுகள். ஓய்வு பெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று சொல்லி எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். கடைச் சீட்டைக்கூடப் பிய்க்காத சால்வை. அது என் கழுத்தைக் குத்திக்கொண்டே இருந்தது.

மைக்கைப் பிடித்த பையன் கழுத்தில் டை கட்டியிருந்தான். "நமது பகுதியில் மூளைக்குள் பார்க்கும் வசதி இதுவரை இருந்ததே இல்லை. முன்பெல்லாம் டாக்டர்கள் குத்துமதிப்பாகத்தான் வைத்தியம் பார்த்தார்கள்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார், அவர் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கணக்குப் பிள்ளையாக இருந்தவர். வெட்கமில்லாத மனுஷன்.

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வார்த்தையில் திட்டி முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினாள். புன்னைக்காயல்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன்மார் கடலுக்குப் போனவர்கள். நான் இருட்டறைக்குப் போனேன். எக்ஸ்ரே படிப்பை மதுரையில் படித்தேன். அங்கே எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதைத் தவிர. எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கல் லாரி ஏறி, கிரேன் சரிந்து, சாரம் முறிந்து என்று தலையில் அடிபட்டவர்களாக வந்துகொண்டே இருப்பார்கள்.

தலையில் அடிபட்டவனை எக்ஸ்ரே எடுத்தால் மண்டை ஓடு தெரியும், மூளை தெரியாது. இதை இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். ஆனால் அப்போது அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டாத டாக்டரை நான் பார்த்ததில்லை. என்ன தெரிந்து ஆட்டினார்களோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

மூளையைப் பார்க்க அப்போது இரண்டு வழி. முதுகுத்தண்டு வழியாக நீரை வடித்துவிட்டுக் காற்றை ஏற்றிப் படம் எடுப்பது ஒன்று. அந்தக் காற்று தலைக்குள் போய்ச் சேரும்போது ஆள் வாந்தி எடுத்துக் கதறுவதைக் கேட்டவர்கள் இரண்டாவது தடவை அந்த அறைப்பக்கம் வர மாட்டார்கள். இன்னொன்று, கழுத்து நாடியில் ஊசியைக் குத்திச் சாயத்தை ஏற்றுவது. சாயம் மூளை ரத்தக் குழாய்களில் ஓடி மறைவதற்குள் படம் எடுத்தாக வேண்டும். பெரிய ஊர்களில் அதற்கு மெஷின் இருந்தது. எங்களுக்குத் தச்சர் செய்த ஒரு மரப்பெட்டி இருந்தது. நோயாளியின் தலைக்கு அடியில் அதை வைத்து, பிலிம் தட்டுகளை அதற்குள் வரிசையாகச் செருகி, டாக்டர் "ம்" என்றதும் ஒரு படம், நான் தட்டை இழுக்க, அடுத்த "ம்"முக்கு அடுத்த படம். இழுக்கிற கை ஒரு நொடி தயங்கினால் எல்லாம் பாழ். அதைத்தான் குத்துமதிப்பு என்கிறான் டை கட்டின பையன்.

அந்த "ம்" சொன்னவர் டாக்டர் நாகராஜன். எங்கள் எக்ஸ்ரே பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆத்தூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வீட்டு வெற்றிலை கூடையில் வந்துகொண்டே இருக்கும், இவர் வாயும் அரைத்துக்கொண்டே இருக்கும். டாக்டருக்கு இது லட்சணமா என்று மேட்ரன் முகம் சுளிப்பார். மனுஷன் யாரையும் திட்ட மாட்டார். நாம் அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்றிருக்கும்.

துறைமுக வேலையில் இருந்த ஒரு என்ஜினியர் கை ஒடிந்து வந்தார். படம் எடுக்கும்போது பேச்சுவாக்கில், இரும்புத் தகடுகளை ஒட்டின வெல்டிங் உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் தன்னிடம் ஒரு கருவி இருப்பதாகச் சொன்னார். இரும்பின் மேல் ஒரு குமிழை வைத்தால் அது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பும். உள்ளே எங்காவது விரிசல் இருந்தால் ஒலி திரும்பி வரும். திரும்புகிற ஒவ்வொரு ஒலியும் சின்னத் திரையில் பச்சைக் கோட்டில் ஒரு கொம்பாக நிற்கும்.

டாக்டர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "மண்டை ஓடு இரும்பைவிடக் கெட்டியாவே இருக்கப் போவுது?" என்றார்.

வெளிநாட்டில் இதை முன்பே யாரோ செய்து பார்த்திருப்பதாகப் படித்து வைத்திருந்தார். மூளை இரண்டு பாதி. நடுவில் ஒரு தடுப்பு. காதுக்கு மேலே குமிழை வைத்தால், கிட்ட இருக்கிற எலும்புக்கு ஒரு கொம்பு, எதிர்ப்பக்க எலும்புக்கு ஒரு கொம்பு, நட்ட நடுவே அந்தத் தடுப்புக்கு ஒரு சின்னக் கொம்பு. ஒரு பக்கம் ரத்தம் கட்டினால் தடுப்பு மறுபக்கம் தள்ளிப்போகும். இரண்டு காதுப் பக்கமும் வைத்துப் பார்த்து, நடுக்கொம்பு எந்தப் பக்கத்திலிருந்து தூரமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம்தான் ரத்தக்கட்டு. ஊசி வேண்டாம், காற்று வேண்டாம், கதறல் வேண்டாம்.

சொல்வதற்கு இவ்வளவுதான். அந்த என்ஜினியர் மூலமாகப் பழைய கருவி ஒன்றை ஆஸ்பத்திரிக்கு வாங்கிச் செய்து பார்த்தபோது எங்கள் உயிர் போயிற்று. முதலில் கசாப்புக் கடை ஆட்டுத்தலையில் பார்த்தோம். பார்த்து முடித்ததும் குசினிக்காரர் வந்து, "சார், இதைக் குழம்பு வைக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிற அத்தனை பேர் தலையிலும் வைத்துப் பார்த்தோம். குமிழுக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. கிரீஸ் தடவினோம், தேங்காய் எண்ணெய் தடவினோம், கடைசியில் விளக்கெண்ணெயில்தான் நடுக்கொம்பு ஒழுங்காக எழுந்து நின்றது. குமிழ் கொஞ்சம் சாய்ந்தாலும் பொய்க்கொம்பு வரும். நிஜக்கொம்பு எது, பொய்க்கொம்பு எது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மழைக்காலம் போயிற்று. திரையில் வருவதைக் கேமராவில் பிடித்து, நான் இருட்டறையில் கழுவிக் கொடுப்பேன். கோடையில் கழுவுகிற மருந்து சூடாகிப் படம் கெட்டுவிடும் என்று மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் வாங்கிப் போட்டோம். மூளைப் படமெல்லாம் மீன் வாடை அடித்தது.

பெரிய தொல்லை பக்கம்தான். நோயாளி மல்லாந்து கிடப்பான், நாம் எதிரே நிற்போம். 'வலது' என்றால் அவனுக்கு வலதா, நமக்கு வலதா? படித்தவர்களெல்லாம் இதில் தடுக்கி விழுவார்கள். அதனால் டாக்டர் அந்த அறைக்குள் வலது, இடது என்ற பேச்சையே தடை செய்துவிட்டார். "அவன் சோறு திங்கிற கை எதுளா? அதைச் சொல்லு" என்பார். குமிழை வைக்கிறவள் முதலில் நோயாளியின் கையைத் தொட வேண்டும், பிறகு "சோறு" என்று உரக்கச் சொல்ல வேண்டும், பிறகுதான் குமிழ். படத்திலும் 'சோறு' என்றே துண்டுச் சீட்டு ஒட்டினேன். இடதுகைப் பழக்கக்காரன் வந்தால் என்ன செய்வது என்று ஒரு நர்ஸ் கேட்டாள். "நம்மூர்ல எந்த அம்மா பிள்ளைய அந்தக் கையால சோறு திங்க விட்டிருக்கா?" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி முழுக்க எங்கள் கருவிக்குச் சோத்து மெஷின் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் கோட்டு டாக்டர்.

கோட்டு டாக்டர் வெளியூரிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற மூளை சர்ஜன். தூத்துக்குடி புழுக்கத்தில், உப்பளக் காற்றில், கோட்டைக் கழற்றாத ஒரே மனுஷன். கை நல்ல கை. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். வாய்தான் பொறுக்காது. வார்டு நர்ஸுகளிடம் எங்கள் பக்கத்துச் சொல் நாலைக் கற்றுக்கொண்டு, "இந்தக் கரைப் பாஷை எனக்கு அத்துப்படி" என்று பீற்றிக்கொள்வார். வாடை என்றால் வடகாற்று. எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. கடலைப் பார்த்து நின்றால் வடக்கு இடது கைப்பக்கம். ஆகவே கரைக்காரன் வாடைப்பக்கம் என்றால் இடது பக்கம் என்று அர்த்தம். இது அவருடைய கண்டுபிடிப்பு. வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

அவர் வந்திருந்த ஒரு நாள் பகலில், ஒரு தோணிக்காரப் பையனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் சேவியர். சரக்குத் தோணி கரையை நெருங்கும்போது பாயை இறக்கியிருக்கிறார்கள். பாயைத் தாங்குகிற பருமல் மரம் கயிறு நழுவித் தலையில் விழுந்திருக்கிறது. அவன் சரிந்து விழுந்த வேகத்தில் நங்கூரத்தில் மோதி மறுபக்கம் கிழிந்துவிட்டது. கூட வந்தவர் அந்தத் தோணியின் தலைவர் மிக்கேல் தண்டல். அழுதுகொண்டு வந்தவள் சேவியரின் அக்கா லூர்து. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவள்தான் அவனை வளர்த்தவள்.

"நல்லாத்தான் இருந்தான் சார்," என்றார் தண்டல். "எந்திரிச்சு உக்காந்தான். கரையில எறங்கி நடந்தே வந்தான். கடையில கலர் சோடா வாங்கிக் குடிச்சான். என்னையே கேலி பண்ணுதான். பொறவு தலை வலிக்கின்னு படுத்தவன் எந்திரிக்கல."

இதைக் கேட்டதும் டாக்டர் நாகராஜன் முகம் மாறிவிட்டது. அடிபட்டவன் நன்றாக நடமாடிவிட்டுப் பிறகு மயங்கினால், எலும்புக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓட்டை போட்டு எடுத்தால் பிழைப்பான். தாமதித்தால் போய்விடுவான். ஏற்கெனவே மூச்சு குறட்டையாக மாறியிருந்தது.

கேள்வி ஒன்றுதான். எந்தப் பக்கம்? கண்மணி விரிந்திருப்பதை வைத்துச் சொல்லலாம். ஆனால் சின்ன வயசில் அம்மை போட்டு அவன் வலது கண்ணில் பூ விழுந்திருந்தது, இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இடது பக்கம் கிழிந்து ரத்தம் வழிந்தது, வலது பக்கம் முடிக்குள் வீக்கம் மட்டும். மண்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன், விரிசல் எதுவும் பிடிபடவில்லை. சாயம் தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டை போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். முதலில் தவறான பக்கம் போட்டால் இரண்டாவது பக்கம் வரை அந்தப் பையன் உயிர் தாங்குமா என்பதுதான் பேச்சு.

கோட்டு டாக்டர் தண்டலிடம் கேட்டார். "பருமல் எந்தப் பக்கம் விழுந்தது?"

"வாடைப்பக்கம் சார். நான் கண்ணால கண்டேன்."

கோட்டு டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "பார்த்தீர்களா? வாடைப்பக்கம். காயமும் இடது பக்கம். தியேட்டருக்குக் கொண்டு போங்கள்."

"தலை சிரைக்கிற நேரத்துல நாங்க ஒரு தடவ பாத்துக்கிடுதோம்" என்றார் டாக்டர் நாகராஜன்.

நாவிதர் ஒரு பக்கம் சிரைக்க, நான் சேவியரின் வலது கையைத் தொட்டு "சோறு" என்றேன். எண்ணெய் தடவிக் குமிழை வைத்தேன். பிறகு மறுபக்கம். நடுக்கொம்பு சோற்றுப் பக்கத்திலிருந்து தூரமாகப் போய் நின்றது. கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு தூரம். ரத்தக்கட்டு வலது பக்கம்.

"கையை மாற்றி வைத்திருப்பாள்" என்றார் கோட்டு டாக்டர்.

எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. "மாத்தி வைக்கல சார். வேணும்னா நீங்களே வந்து வச்சுப் பாருங்க" என்றேன்.

டாக்டர் நாகராஜன் குமிழை வாங்கித் தாமே வைத்துப் பார்த்தார். அதே கொம்பு, அதே இடம்.

"இரும்புக்கு வைக்கிற சாமானை நம்பி நான் மனுஷன் தலையைத் திறக்க மாட்டேன்," என்றார் கோட்டு டாக்டர். "கண்ணால் பார்த்தவன் வாடைப்பக்கம் என்கிறான். உங்களுக்குப் பாஷை தெரியாவிட்டால் நான் என்ன செய்வது?"

"அப்படியா?" என்றார் டாக்டர் நாகராஜன்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு நேரே வராந்தாவுக்குப் போனார். நானும் ஓடினேன். தண்டல் தரையில் குந்தியிருந்தார்.

"தண்டல், அடி விழும்போது இந்தப் பையன் எதைப் பாத்து நின்னான்?"

தண்டலுக்கு எரிச்சல். "இது என்ன கேள்வி சார்? கரைக்கு வந்துக்கிட்டிருக்கோம், கரையத்தான் பாத்து நின்னான். கோயில் கோபுரம் தெரியுதுன்னு கையக் காட்டிக்கிட்டு இருந்தான், அந்நேரம் விழுந்துட்டு."

"அப்ப வாடை அவனுக்கு எந்தக் கைப்பக்கம்?"

தண்டல் எழுந்து, கண்ணை மூடி, கரையைப் பார்ப்பது போல மேற்கே திரும்பி நின்றார். வலது கையைத் தூக்கினார். "சோத்தாங்கைப் பக்கம்."

பின்னாலேயே வந்திருந்த கோட்டு டாக்டர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். லூர்து அவர் காலில் போய் விழுந்தாள். "எந்தப் பக்கமா இருந்தா என்ன ராசா, என் தம்பியத் தொறந்து பாருங்க. ஒங்க பேச்சுல அவன் செத்துருவான்" என்று அலறினாள். அன்றைக்கு அந்த வராந்தாவில் பேசப்பட்டதிலேயே புத்தியுள்ள பேச்சு அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கோட்டு டாக்டர் உள்ளே போனார். நாவிதரிடம், "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் சிரையுங்கள்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதைப் பார்த்தேன். வலது பக்கம் ஓட்டை போட்டதும் கறுத்த ரத்தம் கட்டியாக வந்தது. குறட்டை மெல்ல மெல்ல அடங்கி மூச்சு சீரானது. மறுநாள் சேவியர் கண்ணைத் திறந்து, "அக்கா, கலர்" என்றான். லூர்து சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் இத்தனை வயிற்றெரிச்சலோடு எழுதப் போகிறேன்? சில மாதம் கழித்து மெட்ராஸில் டாக்டர்கள் கூட்டம். டாக்டர் நாகராஜனும் எங்கள் படங்களை எடுத்துக்கொண்டு போனார். 'சோறு' என்ற சீட்டைப் பார்த்ததும் கூட்டம் சிரித்ததாம். ஒருவர், "குழம்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். அடுத்து எழுந்த கோட்டு டாக்டர், நோயாளியோடு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பதன் அருமையைப் பற்றி அழகாகப் பேசினாராம். அடிபட்டவன் எதைப் பார்த்து நின்றான் என்று தண்டலிடம் தாம் கேட்ட ஒரு கேள்வியால் ஓர் உயிர் பிழைத்த கதையைச் சொன்னாராம். தாம் கேட்ட! சோத்து மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கை தட்டல் அடங்க நேரம் ஆனதாம்.

திரும்பி வந்து டாக்டர் இதை என்னிடம் சொன்னபோது நான் துள்ளினேன். "நீங்க எந்திரிச்சு ஒண்ணும் சொல்லலியா சார்?"

"சொன்னேன்ளா."

"என்ன சொன்னீங்க?"

"அப்படியான்னு கேட்டேன்."

சிரித்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. தலையைக் குறுக்கே அரிந்து வைத்தது போலப் படம் காட்டுகிற மெஷின் மெட்ராஸுக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, எங்கள் கருவியை நிர்வாகம் ஒரு வெல்டிங் பட்டறைக்கே தள்ளிவிட்டது. டாக்டர் ஓய்வு பெற்று ஆத்தூரோடு போய், அங்கேயே காலமானார். அவருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை.

போன வாரம் சேவியர் எனக்குப் போன் செய்தார். இப்போது பேரன் பேத்தி எடுத்த கிழவர். தலைச்சுற்றலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களாம். "அந்தக் குழாய்க்குள்ள போவ பயமா இருக்குக்கா, நீங்க வந்து நில்லுங்க" என்றார். போனேன். அதே புது சென்டர், அதே டை கட்டின பையன். ஸ்கேன் முடிந்து சேவியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் படத்தைத் திரையில் போட்டான். மூளை அப்படியே தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. டாக்டர் பார்த்திருந்தால் வெற்றிலையை மென்றிருக்க மாட்டார்.

"தாத்தாவுக்கு இடது பக்கம் மண்டையில பழைய ஓட்டை ஒண்ணு இருக்கு மேடம்" என்றான் பையன். திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தான். நோயாளி நம்மைப் பார்த்துக் கிடப்பது போலத்தான் படம் நிற்கும், திரைக்கு இடது என்றால் ஆளுக்கு வலது. திரை மூலையில் எழுத்துப் போட்டு வேறு காட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் தாத்தா அடிபட்டுச்சு?" என்று கேட்டான்.

"வாடைப்பக்கம்" என்றார் சேவியர்.

"வாடைப்பக்கம்னா இடதுதான? எங்க ஆச்சி சொல்லுவா." இடது என்று தட்டி முடித்துவிட்டான்.

"அப்படியா?" என்றேன்.

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் புரியவில்லை. சேவியருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையின் வலது பக்கத்துப் பள்ளத்தில் வைத்தார்.

"ஏலே, இங்கன இருக்குடா ஓட்டை. தடவிப் பாரு."

வந்ததிலிருந்து அப்போதுதான் அவன் அந்தத் தலையைத் தொட்டான்.